ரொறன்ரோவும் டொராண்டோவும் ஒரே ஊர்தான்!

எங்கட சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் பழைய மலர்களை ஸ்கேன் செய்து, எழுத்தாக்கி, இணையத்தில் ஏற்றுகின்றன. நல்ல வேலை. ஆனால் அங்கே இருக்கும் தேடல் பெட்டி பல இடங்களில் சரியான மொக்கு.

'டொராண்டோ' என்று தட்டுங்கள். 'ரொறன்ரோ' என்று எழுதிய கட்டுரை ஒன்றும் வராது. 'நாற்காலி' என்றால் 'கதிரை' வராது. 'காலணி' என்றால் 'சப்பாத்து' வராது. சினிமாவிலும் யூடியூப்பிலும் தமிழ் பிடித்த ஒரு பிள்ளை, தனக்குத் தெரிந்த சொல்லைத் தட்டுகிறது. "முடிவுகள் இல்லை" என்று பதில் வருகிறது. எங்கட ஆட்கள் இதைப் பற்றி எழுதவே இல்லை என்று அந்தப் பிள்ளை நம்பிவிடும். எழுதியிருக்கிறார்கள். பெட்டிதான் மறைக்கிறது.

"பிள்ளைகள் சரியான தமிழில் தேடட்டும்" என்பவர்களிடம் ஒரு கேள்வி: எது சரி? அம்மம்மாவின் கதிரையா, சென்னை நாற்காலியா? இரண்டும் தமிழ். பிழை பிள்ளையிடம் இல்லை, பெட்டியைச் செய்தவரிடம்.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் ஒத்தசொல் அகராதி. போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரு வரிக்கு இரண்டு சொல்: 'டொராண்டோ ரொறன்ரோ'. கட்டுரைகளுக்குத் தேடல் அட்டவணை கட்டும்போதும், நீங்கள் தேடும்போதும், முதல் சொல்லை இரண்டாவதாக எடுத்துக்கொள்ளும். எதைத் தட்டினாலும் இரண்டும் வரும். மூலக் கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறாது.

"ஆயத்தமான பட்டியல் ஒன்றை இறக்கிப் போட்டால் முடிந்தது" என்று நினைக்காதீர்கள். தமிழில் அது சரிவராது.

முதலாவது, தமிழ்ச் சொல் தனியாக நிற்காது. ரொறன்ரோவில், ரொறன்ரோவுக்கு, ரொறன்ரோவிலிருந்து என்று வால் வளரும். 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸில் தமிழ் வால்களை வெட்டும் கருவி உண்டு. ஆனால் ஒத்தசொல் பட்டியல் அதற்கு முன்னால் நிற்கும். 'டொராண்டோவில்' என்பது பட்டியலில் இல்லாவிட்டால் பிடிபடாமல் தாண்டிவிடும். ஆகவே வால் வைத்த வடிவங்களையும் பட்டியலில் எழுத வேண்டும். இல்லையென்றால் வாலை நாங்களே முதலில் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள். 'திங்கள்' என்பதை 'நிலா'வோடு சேர்த்துவிட்டால், திங்கள் வகுப்பு எத்தனை மணிக்கு என்று தேடுபவருக்கு நிலாக் கவிதைகள் வந்து கொட்டும். இது எங்கட முன்னோருக்கும் தெரியும். திவாகரம் என்ற பழைய நிகண்டு, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுதி தொகுதியாக அடுக்கியது. அதோடு விடாமல், ஒரே சொல்லுக்குப் பல பொருள் வருவதற்கென்று தனித் தொகுதியும் வைத்தது. அந்தக் கவனம் கணினி யுகத்தில் எங்களுக்கு ஏன் இல்லை?

"இனி செயற்கை நுண்ணறிவு எல்லாம் பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்வார்கள். அது இணையத்தில் கிடைத்த தமிழைப் படித்து வளர்ந்தது. அங்கே குறைவாக இருக்கும் சொல்லை அது எப்படி நன்றாகக் கற்கும்? அது பிழைவிட்டால் எந்த வரியைத் திறந்து திருத்துவீர்கள்? பட்டியலை அம்மம்மாவும் வாசிக்கலாம், "இது பிழை, பிள்ளை" என்று சொல்லலாம்.

கோட் எழுதத் தெரிந்த நீங்கள் கோப்பைத் திறவுங்கள். தெரியாத நீங்கள் வீட்டில் கதைக்கும் 50 சொற்களை எழுதி, பக்கத்தில் மற்ற ஊர்த் தமிழர் அதற்குச் சொல்லும் சொல்லையும் எழுதுங்கள். சங்கத்துக்கு அனுப்புங்கள். ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்று அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள்.