அடுப்புக்குப் பக்கத்தில் சிலிண்டர் எதற்கு?

விடிவதற்கு முன்னால் ஷட்டரைத் தூக்கியதும் டீ மாஸ்டர் அடுப்பைத்தான் பற்றவைப்பார். இரவெல்லாம் பூட்டிக் கிடந்த கடை அது. ரெகுலேட்டர் மாட்டும் இடத்தில் வாஷர் தேய்ந்திருந்தால், கசிந்த எரிவாயு வெளியே போக வழியில்லை. அதிலுள்ள புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம்; பியூட்டேன் இரண்டு மடங்கு. அதனால் மேலே எழாமல் தரையோடு படர்ந்து, மேடைக்கு அடியில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே போதும், லைட் சுவிட்சின் பொறியிலும் பற்றிக்கொள்ளும்.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் 9 பேர் மாண்டார்கள். ரயிலில் சிலிண்டர் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. அப்படியிருக்க, ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் ஹோட்டல் சமையல்கட்டில், எரியும் அடுப்புக்கு இரண்டடி தள்ளி 19 கிலோ சிலிண்டர்கள் வரிசையாக நிற்பதை எப்படி ஏற்கிறோம்?

100 கிலோ வரை எரிவாயு வைத்துக்கொள்ளத் தனி உரிமம் தேவையில்லை. ஐந்து சிலிண்டர் என்றால் 95 கிலோ. சிறிய உணவகங்கள் இப்படித்தான் வெடிபொருள் துறையின் கண்காணிப்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அந்த இடைவெளியை அடைக்க வேண்டியவை தொழில் உரிமம் தரும் உள்ளாட்சிகளே. சிலிண்டர்கள் சுவருக்கு வெளியே, காற்றோட்டமான கம்பிக் கூண்டுக்குள் இருக்க வேண்டும்; குழாய் மட்டும் உள்ளே வரட்டும். இடமில்லை, செலவாகும் என்பார்கள். செலவாகும்தான். அதற்காக அந்த ஆபத்தைச் சம்பளத்துக்கு நிற்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தருவதுமில்லை. கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கப்போடுவது பல சமையல்கட்டுகளில் பழகிப்போன வழக்கம். முந்தைய மாஸ்டர் காட்டிக்கொடுத்த வித்தை. படுக்கப்போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே டியூபுக்குள் இறங்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். கசிகிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சோப்பு நுரையைத் தடவினால் அரை நிமிடத்தில் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

இதைக் கற்றுத்தர அரை நாள் போதும். கேஸ் ஏஜென்சிகள் அதைச் செய்யட்டும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியில். கூண்டும் பயிற்சியும் இல்லாத கடைக்கு உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று மாநகராட்சிகளும் நகராட்சிகளும் இந்த ஆண்டே அறிவிக்க வேண்டும்.