தொட்டிலுக்கு யார் பொறுப்பு?

சரக்குக்குக் கிடங்கு உண்டு. லாரிக்கு நிறுத்துமிடம் உண்டு. இரும்பை எடைபோட மேடை உண்டு. இரவெல்லாம் விழித்திருக்கக் காவலாளி உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றி வந்தால் இவையெல்லாம் கண்ணிற்படும். அங்கே உழைக்கும் தாயின் கைக்குழந்தைக்கு என்ன உண்டு? ஒரு தொட்டில் உண்டா? ஒரு வாய்ப் பால் காய்ச்சித் தர ஓர் ஆயா உண்டா?

கோட்டையைப் பற்றிப் பேச வேண்டிய பக்கத்திலே தொட்டிலைப் பற்றிப் பேசுவானேன் என்று எவரேனும் எண்ணக்கூடும். தொட்டிலிலே கிடப்பவன் நாளைய வாக்காளன் என்பதற்காக இதை நான் எழுதவில்லை. அவன் இன்றே குடிமகன். வாக்குச் சீட்டு இல்லாத குடிமகன். ஊர்வலம் வரத் தெரியாத குடிமகன். அழுகை ஒன்றையே கோரிக்கை மனுவாகக் கொண்ட குடிமகன்! அவனுக்காகப் பேசாத அரசியல் யாருக்காகப் பேசப் போகிறது?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். ஏராளமாக இருக்கிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையிலே, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. ஐம்பது பேர் பணிபுரியும் இடத்திலே காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஐம்பது என்ற அளவையே வைத்திருக்கின்றன.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாற்பது பேர் உழைக்கும் பட்டறையின் தாய் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறாள். மகப்பேற்றுப் பலன் பெற முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். இன்று ஓர் ஆலை, நாளை வேறோர் ஆலை என்று ஒப்பந்தக்காரர் அனுப்பும் இடமெல்லாம் செல்பவள் அந்த எண்பது நாளுக்குச் சான்று தேடி எங்கே அலைவாள்? மாவட்டத்துச் செங்கற் சூளைகளிலே, ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து கல் அறுக்கும் தாய்க்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தொட்டில் கட்டித் தந்தது?

மேடையிலே இதைக் காட்சியாக அமைத்தால் நான்கு வரி வசனம் போதும்.

ஆலை வாயில்: "நீ எங்கள் ஆள் அல்ல. ஒப்பந்தக்காரரிடம் போய்க் கேள்."

ஒப்பந்தக்காரர்: "எனக்கு ஏதம்மா கட்டடம்? ஊரிலே அங்கன்வாடி இருக்கிறதே!"

அங்கன்வாடி: "இரண்டு வயது நிரம்பட்டும் அம்மா, அழைத்து வா. அதுவரை சத்துமாவு வாங்கிக்கொள்."

தாய்: "அதுவரை என் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?"

திரை விழுகிறது. விடை சொல்ல மேடையிலே ஆள் இல்லை!

கணக்குப் பாருங்கள். இருபத்தாறு வாரம் என்பது அரை ஆண்டு. அங்கன்வாடியின் கதவு திறப்பது இரண்டு வயதில். இடையிலே ஒன்றரை ஆண்டு. தவழ்வதும், எழுவதும், நடப்பதும், முதற் சொல்லை மொழிவதும் அந்த ஒன்றரை ஆண்டிலேதான். அறிவும் உடலும் வேகமாக வளரும் அந்தப் பருவத்தில்தான் குழந்தை ஆதரவற்று விடப்படுகிறது. பாட்டி இருந்தால் பாட்டி பார்க்கிறாள். பாட்டி பீகாரில் இருந்தால்? பத்து வயது அக்காள் பார்க்கிறாள். அவளுடைய பள்ளிப் பை ஆணியிலே தொங்குகிறது. ஒரு தொட்டில் இல்லாத குறை இரண்டு குழந்தைகளின் வாழ்வைக் கெடுக்கிறது!

மானியம் தரவில்லையா அரசு? தந்தது, தந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தில் மத்திய அரசு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுத்துவந்தது. 2017 தொடக்கத்தில் அது அறுபதாகக் குறைந்தது. மாநிலத்துக்கு முப்பது, காப்பகம் நடத்தும் தொண்டு அமைப்புக்குப் பத்து என்று பங்கு பிரித்தார்கள். காப்பகப் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய். பிள்ளைகளை நாள் முழுவதும் பேணும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய்! விளைவு என்ன? நாடு முழுவதும் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள் சில ஆண்டுகளிலே பத்தாயிரத்துக்கும் கீழே சுருங்கின. கூட்டுப் பொறுப்பு என்று பெயர் சூட்டிச் சுமையை இளைத்தவன் தோளுக்கு மாற்றினால் இதுதான் நடக்கும்.

2022இல் பெயர் மாறியது: 'பால்னா'. இந்தியிலே தொட்டில் என்று பொருள். ஆறு மாதக் குழந்தை முதற்கொண்டு ஏற்கும் திட்டம். அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் திட்டம். நோக்கத்தை வரவேற்கிறேன். ஆனால் நாடு முழுவதற்கும் வைத்த இலக்கு 17,000 அங்கன்வாடிக் காப்பகங்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடிகள் உள்ளன! நேரத்தையும் பாருங்கள்: காப்பகம் ஏழரை மணி, ஆலையின் முறை எட்டு மணி, போக, வர ஆகும் நேரம் வேறு.

கூட்டு முயற்சி ஆகாது என்றா சொல்கிறேன்? இல்லை. அது வென்ற மண் இது. 1980இல் உலக வங்கிக் கடனோடு இங்கே ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை தளர்ந்த குழந்தைக்கு உடனே ஊட்டம் தந்தார்கள். அந்த ஊர்ப் பெண்ணே பணியாளர். அந்த ஊர் மகளிர் குழுக்களே துணை. அமெரிக்காவிலே 2014இல் ஐம்பது கோடி டாலர் ஒதுக்கி, மூன்று வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்காக உள்ளூர்க் காப்பகங்களோடு கைகோக்கும் மானியத்தை வழங்கினார்கள். தரம் இன்னதென்று விதித்தார்கள். அந்தத் தரத்தை எட்டப் பணமும் தந்தார்கள். விதி ஒரு கையில், நிதி மறு கையில், அதுதான் கூட்டு.

இங்கும் வழி இருக்கிறது. பல நிறுவனங்கள் கூடிப் பொதுக் காப்பகம் நடத்தப் புதிய சட்டத்தொகுப்பு இடமளிக்கிறது. சிப்காட் இடம் தரட்டும். ஆலைகள் தலைக்கு இவ்வளவென்று பங்கு தரட்டும். அரசு மானியம் மாதம் பிறக்குமுன் வந்து சேரட்டும். மகளிர் குழு நடத்தட்டும். தாய்மார் குழு கணக்குப் பார்க்கட்டும். ஆலைச் சங்கு ஒலிக்கும் நேரமே காப்பகம் திறக்கும் நேரமாகட்டும். ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும்: சட்டப்படி செய்தே தீரவேண்டிய காப்பகத்தை நிறுவன சமூகப் பொறுப்பு நிதியில் எழுதி, தருமம் செய்ததாகப் படம் பிடிக்க விதி இடந்தரவில்லை. கடமை வேறு, கொடை வேறு!

வெளிமாநிலத்தார் பிள்ளைகளுக்கு நாம் ஏன் என்று கேட்கும் குரலும் எழலாம். பசித்து அழும் குழந்தைக்கு மாநில எல்லை ஏது? அதன் தாயின் உழைப்பு இந்த மண்ணிலே தங்குகிறதே. பிள்ளை மட்டும் அந்நியமா?

தோழர்களே! கிளைக் கழகங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கும்மிடிப்பூண்டியிலும், கவரைப்பேட்டையிலும், தேர்வாய்க் கண்டிகையிலும் வீடு வீடாகச் செல்லுங்கள். இரண்டு வயது நிரம்பாத பிள்ளைகள் எத்தனை, தாய் எந்த முறையில் வேலை செய்கிறாள், நிரந்தரமா ஒப்பந்தமா, பகலிலே பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். மே முதல் நாள் ஊராட்சிகளிலே கிராம சபை கூடும். உழைப்பாளர் நாளன்று உழைப்பாளியின் குழந்தைக்காக ஒரு தீர்மானம் நிறைவேறட்டும். பட்டியல் இல்லாத கோரிக்கை மேசையிலே உறங்கும். பட்டியலோடு சென்ற கோரிக்கை பதில் கேட்டு நிற்கும்!