கணக்குல நம்ம வயல் எங்கே?

பருவநிலை மாறினால் காவிரி டெல்டாவில் நெல் மகசூல் என்னாகும் என்று ‘டிஎஸ்எஸ்ஏடி’ போன்ற கணினி மாதிரிகளை வைத்து ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். நல்லதுதான். ஆனா மழை, வெயில், மண், ரகம், உரம் என்று எதை உள்ளே கொடுக்கிறோமோ, அதற்குத்தான் கணினி விடை சொல்லும். ஏடிடி 43, யூரியா, தனிப்பயிர் என்று கொடுத்தால், வருவது அந்த விவசாயத்தின் தலையெழுத்து மட்டுமே. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், வரப்பு உளுந்து, தொழுவுரம் போட்ட மண் இதெல்லாம் எங்கே? இதை விட்டுட்டுப் போட்ட கணக்கை வைத்து நாளைக்கு விதைத் திட்டம் தீட்டினால் இழப்பு நமக்குத்தான்.

ஒரு ரகத்தை மாதிரியில் சேர்க்க விதைப்பு, பூப்பு, முதிர்வு நாள்கள், மகசூல் எடை எல்லாம் வேணும். உழவர்களே, அதை இந்தப் பட்டத்திலேயே நோட்டுல எழுதுங்க. அந்த நோட்டோட பல்கலைக்கழகத்துக்குப் போய், “எங்க வயலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க”ன்னு கேட்போம்.