ஐஸ் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம்

சூரிய வெப்பம், ஹீட் பம்ப், ஐஸ் தொட்டி மூன்றையும் சேர்த்து வீட்டைச் சூடாக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னாலே காஞ்சிபுரம் பக்கம் கிடைக்கும் பதில் இதுதான்: "திருப்புட்குழி கோயில்ல வறுத்த பயறு முளைக்கும், ஆனா அந்த ஊர்ல ஹீட்டர் விக்குமா?" கேலி சரி. முடிவுதான் தப்பு!

ஹீட் பம்ப் வேறொன்றுமில்லை, வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரிதான். உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளும். ஜெனீவாவின் லா சிகால் குடியிருப்பில் அந்தப் பின்பக்கச் சூடுதான் வீடுகளுக்குப் போகிறது. வெயில் போதாத நாளில் தொட்டித் தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறார்கள், தண்ணீர் ஐஸாகிறது. வெயில் வந்ததும் உருகுகிறது. 1 கிலோ தண்ணீர் உறையும்போது விடும் வெப்பமும், அதே தண்ணீர் 80 டிகிரியிலிருந்து 0 வரை ஆறும்போது விடுவதும் ஒன்றே. சின்னத் தொட்டியே போதும் என்பதன் ரகசியம் இது.

அங்கே சூடுதான் சரக்கு, ஐஸ் வெறும் கிடங்கு. இங்கே இரண்டுமே சரக்கு!

கிராமத்துப் பால் சொசைட்டிக்குக் காலையும் மாலையும் வரும் பாலை 4 டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும். பாலிலிருந்து எடுத்த சூடு காற்றோடு போகிறது. பட்டு நூலின் பசை நீக்கவோ, சோப்புத் தண்ணீர் கொதிநிலையை ஒட்டிக் காய வேண்டும். அதற்கு விறகு. சூட்டை எறியவும் காசு, வாங்கவும் காசு! இரண்டும் வேறு வேறு பேரேட்டில் இருப்பதால் நஷ்டம் யார் கண்ணிலும் படுவதில்லை.

நடுப்பகல் சோலார் மின்சாரத்தில் ஐஸ் கட்டி வைத்தால் மாலைப் பால் அதில் குளிரும், பேட்டரி வேண்டாம். வெளியேறும் சூட்டில் சாயப்பட்டறைத் தண்ணீர் காயும்.

"சாதாரண ஹீட் பம்ப் 60 டிகிரியைத் தாண்டாதே?" நியாயமான கேள்வி. 30 டிகிரித் தண்ணீர் 90க்குப் போக வேண்டும் என்றால், பாதி தூரத்தை இதுவே கடந்துவிடும். விறகு மீதிப் பாதிக்குத்தான்.

ஆனால் பால் குளிர்நிலையமும் சாயப்பட்டறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். தனி ஆளால் ஆகாது, சங்கத்தால் ஆகும். பால் சங்கமும் கூட்டுறவு, நெசவாளர் சங்கமும் கூட்டுறவு. இரண்டுக்கும் நடுவில்தான் கூட்டுறவு இல்லை. அடுத்த பொதுச் சாயப்பட்டறைக்கு இடம் தேடுபவர்கள், முதலில் பால் சொசைட்டியின் பின்சுவரைப் பார்க்கட்டும்.