21 நாள் அடைகாத்தும் குஞ்சு இல்லை! கடை முட்டையை நம்பி ஏமாறும் மக்கள்

நாமக்கல்: அடைக்கோழி ரெடி. கூடையில் மணலும் வைக்கோலும் ரெடி. இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று இரும்புத் துண்டு, அடுப்புக்கரி எல்லாம் போட்டாச்சு. 21 நாள் கழித்துப் பார்த்தால்... அத்தனையும் கூமுட்டை!

கடையில் 'நாட்டுக்கோழி முட்டை' என்று வாங்கி வந்து அடை வைப்பவர்கள் பலருக்கும் இந்த கதிதான். கோழி மேல் குத்தமா, இடி மேல் குத்தமா? இரண்டும் இல்லை. முட்டை வந்த இடத்தில் சேவலே இல்லை என்பதுதான் மேட்டர்.

சேவல் இல்லாத பண்ணை

நாமக்கல் பண்ணைகளில் இருந்து தினமும் கோடிக்கணக்கில் முட்டை லாரி ஏறுகிறது. அங்கே இருப்பது எல்லாம் பெட்டைகள்தான். சேவல் முட்டை போடாது, தீவனம்தான் தின்னும். அதனால் முட்டைப் பண்ணையில் அதற்கு இடமில்லை. சேவல் சேராமலேயே பெட்டை முட்டை போடும். ஆனால் அதில் கரு இருக்காது.

பிரவுன் கலர் முட்டை என்றால் நாட்டுக்கோழி முட்டை என்று நினைப்பதும் தப்பு. ஓட்டின் நிறம் கோழியின் ரகத்தைப் பொறுத்தது. பிரவுன் முட்டை போடும் பண்ணைக் கோழிகளும் உண்டு.

வியாபாரிக்கும் கரு இல்லாத முட்டைதான் வசதி. கரு கூடிய முட்டை நம்ம ஊர் வெயிலில் வளர ஆரம்பித்து, பாதியில் செத்து, சீக்கிரம் கெட்டுவிடும்.

நஷ்டம் யாருக்கு?

நாலு கோழி வளர்த்து கைச்செலவுக்கு காசு பார்க்கும் வீட்டுப் பெண்களுக்குத்தான். அடையில் உட்கார்ந்த கோழி முட்டை போடாது. முட்டைக் காசும் போச்சு, குஞ்சும் போச்சு, 3 வாரமும் போச்சு!

எப்படி வாங்கணும்?

* சேவலோடு மேயும் கோழி இருக்கும் வீட்டில் நேரில் போய் வாங்கணும். 10 பெட்டைக்கு ஒரு சேவலாவது வேணும்.

* போட்டு 7 நாளுக்குள் இருக்கும் முட்டையே நல்லது. பிரிட்ஜில் வைத்தது வேண்டாம்.

* ஒரு முட்டையை உடைத்துப் பாருங்க. மஞ்சள் கரு மேல் வட்டம் போட்ட மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கரு கூடியது. வெறும் சின்ன வெள்ளைப் பொட்டு என்றால் அடைக்கு ஆகாது.

* ஒரு கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும்.

* 7-ம் நாள் இரவு, இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு ஓடினால் குஞ்சு உண்டு. தெளிவாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம்.

இதை எல்லாம் செய்தாலும் அத்தனை முட்டையும் பொரிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒண்ணு நிச்சயம். சேவல் கூவாத இடத்து முட்டையில் குஞ்சு கத்தாது!