ஸ்கோப் மாற்றினோம்... குறி போச்சு!

பழவேற்காடு பக்கம் காட்டூரிலிருந்து ஒரு வாசகர், வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். நாலு நிமிஷம் ஓடுகிறது. பாதி அவர் குரல், பாதி காற்று. ஏரியில் மீன், இறால், நண்டு பிடிக்கிற குடும்பம். விஷயம் இதுதான்.

மகள் பிளஸ் ஒன். என்.சி.சி. கேம்ப்பில் .22 ரைஃபிளைச் சுட்டுப் பார்த்த நாளிலிருந்து துப்பாக்கி சுடுதல்மீது பைத்தியம். அப்பா இறால் காசைச் சேர்த்துவைத்து, பேரலை மடக்கி லோடு செய்கிற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்று வாங்கித் தந்தார். கூடவே சின்னதாக ஒரு ஸ்கோப். வீட்டுப் பின்பக்கம் மண்ணைக் குவித்து, அதன் முன்னால் அட்டையை வைத்து, பத்து மீட்டரிலிருந்து சுடுவாள். ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய்க் காசு மறைக்கிற இடத்துக்குள் விழுமாம். அப்புறம் யாரோ, 'பெரிய ஸ்கோப் போட்டால் இன்னும் பிரமாதமாக வரும்' என்றார்கள். 3-9x40 ஸ்கோப் வாங்கி, கடையிலேயே மாட்டிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து குண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது. மேலே ஒன்று, இடப்பக்கம் ஒன்று, ஒன்று அட்டையிலேயே இல்லை.

'எனக்குக் கை போச்சுப்பா' என்று பெண் துப்பாக்கியைத் தொடுவதையே விட்டுவிட்டாள். 'பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த ஆயாவுக்கு இப்போது பேச்சு கூடிவிட்டது. அடுத்த மாதம் போட்டி. 'சார், கெட்டது ஸ்கோப்பா, துப்பாக்கியா, எம் புள்ள கையா? அத மட்டும் சொல்லுங்க' என்று முடிக்கிறார்.

அண்ணே, முதலில் ஒரு நல்ல சேதி. இந்த மூன்றில் எது என்பதை வீட்டிலேயே, ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு மணல் மூட்டை, நாலு அட்டை, ஸ்கோப்போடு வந்த ஆலன் கீ போதும். பரிசோதனை முழுக்கத் துப்பாக்கி வாய் மண் குவியலைத்தான் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவைத் தொடும் முன் உள்ளே பெல்லட் இல்லை என்று பார்த்துவிடுங்கள். தண்ணீரை நோக்கியோ, சுவரை நோக்கியோ சுட வேண்டாம். பெல்லட் திரும்பி வரும். கண்ணைப் பறிக்க அது போதும்.

மணல் மூட்டைமேல் கையை வைத்து, அந்தக் கைமேல் துப்பாக்கியை வைக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை மூட்டைமேல் நேராக வைத்தாலும், இறுக்கிப் பிடித்தாலும் துள்ளும். உள்ளங்கையில் லேசாகக் கிடக்கட்டும். ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து குண்டு. நடுவில் ஸ்கோப்பின் எந்தக் குமிழையும் தொடக் கூடாது. முதல் குண்டு எங்கே போனாலும் சரி, இரண்டாவதும் அதே புள்ளியைப் பார்த்துத்தான். நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு குண்டுக்கும் 'கொஞ்சம் வலது, கொஞ்சம் மேலே' என்று குமிழைத் திருகித் திருகி, கடைசியில் எது யார் தப்பு என்றே தெரியாமல் போய்விடும்.

ஐந்தும் ஒரே இடத்தில் கூட்டமாக, ஆனால் புள்ளியை விட்டுத் தள்ளி விழுந்தால் ஒரு நோயும் இல்லை. புது ஸ்கோப்புக்கு அது இயல்பு. குமிழைத் திருகிக் கூட்டத்தைப் புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான ஸ்கோப்களில் ஒரு 'க்ளிக்' நூறு மீட்டர் தூரத்தில் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். பத்து மீட்டரில் அது 0.7 மில்லிமீட்டர்தான். அதாவது, குண்டு இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 28 க்ளிக் திருக வேண்டும். 'நாலு க்ளிக் வெச்சேன், அசையவே இல்ல, ஸ்கோப் டூப்ளிகேட்டு' என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்கள்.

ஆனால், உங்கள் வீட்டில் நடப்பது சிதறல். கூட்டமே இல்லை. சிதறலுக்குக் குமிழ் மருந்தல்ல. என் சந்தேகம் முதலில் போவது ஸ்க்ரூ மேல்தான்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குதிரையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும். துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது துப்பாக்கி சட்டென்று முன்னால் உதைக்கும். ஒரே நொடிக்குள் இரண்டு பக்கமும் ஆட்டம். வெடிமருந்துத் துப்பாக்கி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பின்னால்தான் உதைக்கும். அதற்கென்று செய்த ஸ்கோப், அந்தப் பக்க உதையைத் தாங்கும். இந்த முன் உதையில் உள்ளே லென்ஸும் குறுக்குக்கோடும் கழன்றுவிடுவது உண்டு. விலை கூடிய ஸ்கோப்பும் இதற்கு விலக்கல்ல. பெட்டியில் 'ஏர் கன்னுக்கு ஏற்றது' என்று இருக்கிறதா பாருங்கள்.

இந்த ஆட்டத்தில், மாட்டிய கிளாம்பும் தண்டவாளம் போன்ற அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும். கடையில் மாட்டும்போது எண்ணெயைத் துடைக்காமல் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். நகர்கிறதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. மகளிடம் நெயில் பாலிஷ் இருக்கும். ஸ்கோப் குழாயிலிருந்து வளையம்வரை ஒரு கோடு, வளையத்தின் அடியிலிருந்து துப்பாக்கி உடல்வரை ஒரு கோடு. காய்ந்ததும் இருபது குண்டு சுடட்டும். கோடு உடைந்திருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டயர் போல்ட்டை முடுக்குகிற மாதிரி எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். மொத்த பலத்தையும் காட்டினால் குழாய் நசுங்கும். கிளாம்புக்குப் பின்னால் நகராமல் தடுக்கும் சின்ன 'ஸ்டாப்பர்' கிடைக்கிறது. அதைப் போட்டே ஆக வேண்டும். அப்படியே மரக்கட்டையைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூக்களையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். ஏரிக்கரை உப்புக் காற்றில் துரு ஏறி, இறுகின மாதிரி நடிக்கும்.

அடுத்த சந்தேகம், உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கடலில் வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க, கரையில் கலங்கரை விளக்கத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பனையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள் அல்லவா? படகு கொஞ்சம் நகர்ந்தால் பனை விளக்கத்தைவிட்டு விலகிவிடும். விளக்கமும் பனையும் நகரவில்லை. பார்க்கிற கண் நகர்ந்தது. ஸ்கோப்புக்குள்ளும் இதே கதைதான். உள்ளே இருக்கிற குறுக்குக்கோடும் வெளியே இருக்கிற அட்டையும் ஒரே தளத்தில் விழவில்லையென்றால், கண் கொஞ்சம் விலகினாலே குறி விலகும். பாரலாக்ஸ் என்று பெயர்.

பல ஸ்கோப்களை நூறு கஜத்துக்குச் சரிபார்த்துத்தான் கம்பெனியிலிருந்து அனுப்புகிறார்கள். அதே ஸ்கோப்பைப் பத்து மீட்டரில் பயன்படுத்தினால், 40 மில்லிமீட்டர் லென்ஸில் கண் ஓரத்துக்குப் போகும்போது ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தப்பலாம். அவள் கை அசையாமல் இருந்தாலும் இது நடக்கும். சோதனை சுலபம். துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் பதித்துவிட்டு, தொடாமல், தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். குறுக்குக்கோடு அட்டைமேல் ஊர்ந்தால் இதுதான் நோய். லென்ஸ் முனையிலோ பக்கவாட்டிலோ தூரத்தை மாற்றுகிற வளையம் இருக்கிற ஸ்கோப் என்றால் பத்து மீட்டருக்குத் திருப்பலாம். இல்லாத ஸ்கோப் என்றால் இந்தத் தூரத்துக்கு லாயக்கில்லை.

இதோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு வரும். பழைய சின்ன ஸ்கோப் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். 40 மில்லிமீட்டர் லென்ஸ் பேரலில் இடிக்கக் கூடாது என்று உயரமான வளையம் போட்டிருப்பார்கள். கண் அந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்றால் கன்னம் கட்டையிலிருந்து எழும்பிவிடும். கன்னம் ஊன்றாத தலை ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். பாரலாக்ஸுக்கு இதைவிடத் தீனி வேண்டாம். பழைய துண்டை மடித்து, கன்னம் வைக்கிற இடத்தில் டேப் சுற்றிப் பாருங்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

ஒன்பது மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம் என்றும் பெண்ணிடம் சொல்லுங்கள். அதில் தன் நாடித் துடிப்பே குறுக்குக்கோட்டின் ஆட்டமாகத் தெரியும். 'அய்யோ ஆடுதே' என்று பயந்து, நடுவுக்கு வருகிற நொடியில் குதிரையை வெடுக்கென்று இழுப்பாள். 'கை போச்சு' என்ற எண்ணம் பாதி அங்கிருந்து வந்ததாக இருக்கும். நாலு மடங்கு போதும்.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியோடு வந்த சாதாரணக் குறிமுள்ளை வைத்து ஐந்து குண்டு சுடட்டும். பெல்லட் பிராண்டை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். கூட்டம் திரும்ப வந்தால் துப்பாக்கியும் கையும் நிரபராதி.

இதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே கூப்பிட்டார். நெயில் பாலிஷ் கோடு உடைந்துவிட்டது. பின் கிளாம்பு ஸ்க்ரூ முக்கால் சுற்று உள்ளே போனதாம். ஸ்கோப் இல்லாமல் சுட்ட அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். ஐந்து ஓட்டையும் அந்த ஒரு ரூபாய்க் காசைவிட்டுப் பெரிதாகத் தள்ளிப் போகவில்லை. 'புள்ள ஒண்ணும் சொல்லல சார். அட்டைய எடுத்துட்டுப் போய் ஆயா முன்னாடி வெச்சிட்டு வந்திருச்சு' என்றார்.

போட்டி பற்றி அவரிடம் சொன்ன ஒன்றை இங்கேயும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் நடக்கிற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை. சின்னத் துளை வழியாகப் பார்க்கிற 'பீப் சைட்' மட்டும்தான். நம் நாட்டுப் போட்டிகளில் 'ஓப்பன் சைட்' என்று தனிப்பிரிவும் உண்டு. கடலூரில் பிறந்து டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் சுட்ட இளவேனில் வாலறிவனும், சென்னையில் பிறந்து 2012 லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நரங்கும் ஸ்கோப் வைத்துச் சுட்டவர்கள் இல்லை. அந்த அட்டையில் பத்துப் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். குண்டுசித் தலையைவிடச் சின்னது! அதை வெறும் துளை வழியாகப் பார்த்துச் சுடுகிறார்கள். எந்தப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு, அந்தக் குறிமுள்ளிலேயே இந்த ஒரு மாதமும் பழகுவதுதான் புத்திசாலித்தனம். ஸ்கோப்பை விற்க வந்தவர் இதையும் சொல்லியிருக்கலாம். என்ன செய்வது, வியாபாரம்.

குறிமுள் இடம் மாறினால் எவ்வளவு பெரிய கைக்கும் குண்டு மாறும் என்பதற்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. இறுதிச் சுற்றுக்குச் சற்று முன்னால் அபினவ் பிந்த்ரா பயிற்சிக் குண்டு சுடுகிறார். பத்தில் விழ வேண்டியது நாலு சொச்சத்தில் போய் விழுகிறது. கொஞ்ச நேரம் முன்புவரை சரியாக இருந்த ரைஃபிள். யாரோ குறிமுள்ளில் கைவைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய சந்தேகம். ஆராய்ச்சி செய்ய நேரமில்லை. 'என் கை போச்சு' என்று அவர் உட்காரவில்லை. குண்டு எங்கே போகிறது என்று பார்த்து, க்ளிக் எண்ணித் திருப்பி, இருக்கிற சில நிமிடங்களில் சரிசெய்தார். போட்டியின் முதல் குண்டு 10.7. கடைசிக் குண்டு 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அப்படித்தான் வந்தது.

இனி, சட்டம். 4.5 மில்லிமீட்டர் வாயும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்காக விளையாட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஏரியே பறவைகள் சரணாலயம். பூநாரை வருகிற இடம். பறவைமேல் ஒரு பெல்லட் பட்டாலும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். பக்கத்து வீட்டுப் பையன்கள் 'ஒரு தடவை குடுக்கா' என்று வந்து நின்றால் துப்பாக்கி கிடையாது, கண்டிப்பாக. (உங்கள் ஊருக்கும் துப்பாக்கிக்கும் உறவு புதிதல்ல. 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் ஜெல்ட்ரியா கோட்டை கட்டி, அங்கே வெடிமருந்து தயாரித்துக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.)

கழற்றிய ஸ்கோப்பை என்ன செய்வது என்றும் கேட்டார். துடைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போடுங்கள். கிளாம்பு ஸ்க்ரூக்களுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். பள்ளத்தில் படாமல்.