மழையில் எட்டு போட்டதுண்டா?

நம் தாம்பரம் பக்கத்துக் குளிர்காலத்தில் சாலையில் பனிக்கட்டி உறைவதில்லை. ஐப்பசி மழை உண்டு, மார்கழிப் பனிமூட்டம் உண்டு, போகிப் புகையும் உண்டு. 2018 போகியன்று அந்தப் புகையால் சென்னை விமான நிலையத்திலேயே விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. அதை ஒட்டி ஓடும் ஜிஎஸ்டி சாலையில் 'எல்' போர்டு மாட்டிய கார் என்ன செய்யும்?

எல்எல்ஆர் வாங்கி முப்பது நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். காய்ந்த தரையில் பைக்கில் எட்டு போட்டவர், நனைந்த முடிச்சூர் சாலையில் பிரேக் பிடிப்பதை யாரிடம் கற்பார்? முதல் தூறல்தான் மோசம். தூசியும் எண்ணெயும் குழைந்து சாலை வழுக்கும். மூட்டத்தில் ஹைபீம் போட்டால் ஒளி நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். அபாய விளக்கை எரியவிட்டுக்கொண்டே ஓட்டினால் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. (அனுபவசாலிகளும் இதைச் செய்கிறார்கள்!) தேங்கிய நீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடி முடுக்கவே கூடாது; உள்ளே நீர் ஏறினால் பிஸ்டன் தண்டே வளையும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஓரடி ஆழ ஓட்டமே சிறு காரைத் தூக்கிவிடும். ஆழம் காட்டும் அளவுக் கம்பங்களைச் சுரங்கப்பாதைகளிலும் தாழ்வான சாலைகளிலும் தாம்பரம் மாநகராட்சி ஐப்பசிக்கு முன்பே நட வேண்டும். பயிற்சிப் பள்ளிகளும் மழை வந்தால் வகுப்பை ரத்து செய்யாமல், அன்றைக்கே வண்டியை வெளியே எடுக்கட்டும்.